இறப்புச் சான்றிதழும் பழைய இறப்புப் பதிவுகளும்: மட்டக்களப்பு, அம்பாறை மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஓய்வுபெற்ற பிறகு, சனிக்கிழமை காலைகளில் எங்கள் ஊர் வாசிகசாலையில் அமர்ந்து, படிவம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு நிரப்பிக் கொடுத்து வருகிறேன். வருகிறவர்களில் அதிகம் பேர் கொண்டுவருவது இறப்புச் சான்றிதழ் பற்றிய சிக்கலைத்தான். காணி அனுமதிப்பத்திரத்தைப் பெயர் மாற்ற வேண்டும், வங்கிக் கணக்கை முடிக்க வேண்டும், ஊழியர் சேமலாப நிதியை எடுக்க வேண்டும் என்று காரணங்கள் வேறுபட்டாலும் சந்தேகங்கள் ஒன்றாகவே இருக்கின்றன. துக்க வீட்டின் அசதியோடு நான்கு கந்தோர் ஏறி இறங்கிக் களைத்துப் போனவர்களைப் பார்த்துப் பார்த்தே இதை எழுதத் துணிந்தேன். கேள்விகளை அவர்கள் கேட்ட விதத்திலேயே தந்திருக்கிறேன்.

1. மரணப் பதிவும் மரணச் சான்றிதழும் ஒண்டுதானே? பத்திரம் துலைஞ்சா எல்லாம் போச்சா?

இரண்டும் ஒன்றல்ல. பதிவு என்பது பதிவாளரின் புத்தகத்தில் எழுதப்பட்டிருக்கும் குறிப்பு; சான்றிதழ் என்பது அந்தக் குறிப்பிலிருந்து எடுத்து, உண்மைப் பிரதி என அத்தாட்சிப்படுத்தித் தரப்படும் கடதாசி. 1978 நவம்பர் சூறாவளியிலும் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையிலும் பெட்டியோடு பத்திரங்களை இழந்த குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். அவர்கள் இழந்தது பிரதியை மட்டுமே. புத்தகத்தில் பதிவு இருக்கும் வரை வேண்டும்போதெல்லாம் புதிய பிரதி எடுக்கலாம்.

இறந்த திகதியும் இடமும், முழுப்பெயர், பால், இனம், வயது, தொழில், தாய் தந்தையர் பெயர், இறப்புக்கான காரணம், அடக்கம் அல்லது தகனம் செய்த இடம், தகவல் கொடுத்தவரின் பெயரும் அவர் என்ன முறையில் தகவல் கொடுத்தார் என்பதும் பதிவில் இருக்கும். இந்தக் கடைசி விவரத்தை மறந்துவிடாதீர்கள். பத்தாம் கேள்வியில் அது உதவும்.

2. வீட்டுல இறந்தா எங்க போய்ப் பதியிறது? எத்தினை நாளைக்குள்ள?

முதலில் கிராம உத்தியோகத்தரிடம் அறிவிக்க வேண்டும். அவர் விசாரித்து இறப்பு அறிக்கை எழுதித் தருவார். அதை எடுத்துக்கொண்டு, இறப்பு நிகழ்ந்த பிரிவுக்குப் பொறுப்பான பிறப்பு, இறப்புப் பதிவாளரிடம் ஐந்து நாட்களுக்குள் செல்ல வேண்டும். இறந்தவருக்கு வைத்தியம் பார்த்த வைத்தியரின் துண்டு இருந்தால் அதையும், இறந்தவரின் அடையாள அட்டையையும் பிறப்புச் சான்றிதழையும் கையோடு கொண்டு செல்லுங்கள். பிறப்புச் சான்றிதழைப் பார்த்துப் பெயரை எழுதினால் பிற்காலத்துத் திருத்த வேலையில் பெரும்பகுதி குறைந்துவிடும்.

தகவல் கொடுப்பவர் இறக்கும்போது அருகிலிருந்த உறவினராக இருப்பது நல்லது. அப்படி யாரும் இல்லையென்றால் அந்த வீட்டில் குடியிருப்பவரோ, அடக்கத்தைப் பொறுப்பெடுத்துச் செய்தவரோ கொடுக்கலாம். ஐந்து நாள் தவறிவிட்டது என்பதற்காக அஞ்ச வேண்டாம். மூன்று மாதம் வரை அதே பதிவாளரிடம் பதியலாம்.

3. எங்கட ஊர் வெல்லாவெளி. அப்பா மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரியில மோசம் போனவர். எந்த டி.எஸ். ஒபிசுக்குப் போறது?

எந்தப் பிரதேச செயலகத்துக்கு (டி.எஸ். ஒபிஸ்) போவது என்பதே என்னிடம் அதிகம் பேர் கேட்ட கேள்வி. இறப்பு, இறந்தவர் வாழ்ந்த ஊரில் அல்ல, உயிர் பிரிந்த இடத்துக்குரிய பிரிவில் பதியப்படுகிறது. உங்கள் தந்தை, வெல்லாவெளி அடங்கும் போரதீவுப்பற்றுப் பிரிவைச் சேர்ந்தவராக இருந்தாலும், மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் இறந்தமையால் அவருடைய பதிவு அந்த வைத்தியசாலை இருக்கும் மண்முனை வடக்குப் பிரிவில்தான் இருக்கும். திருக்கோவில்காரர் கல்முனையில் இறந்தால் கல்முனையிலும், அக்கரைப்பற்றுக்காரர் கொழும்புத் தேசிய வைத்தியசாலையில் இறந்தால் கொழும்பிலும் தேட வேண்டும்.

பெரிய அரசாங்க வைத்தியசாலைகளில் இறப்பைப் பதிவதற்கு அங்கேயே ஒரு பதிவாளர் இருப்பார். உடலைப் பொறுப்பேற்கும் அவசரத்தில் அந்த அலுவலகத்தைக் கடந்து போய்விடுகிறோம். படுவான்கரையிலிருந்து வாவி கடந்து, பஸ் மாறி இன்னொரு நாள் வருவதைவிட, அடக்கம் முடிந்த அடுத்த நாள்களில் ஒருவரை அனுப்பிப் பதிவை முடித்து, சான்றிதழையும் கையோடு எடுத்துவிடுவது பெரிய ஆறுதல்.

4. வாப்பாட ஜனாஸாவ அண்டைக்கே அடக்கிட்டம். டொக்டர் துண்டு ஒண்டும் எடுக்கல்ல. இனிப் பதியேலாதா?

பதியலாம். இயற்கையாக வீட்டில் நிகழ்ந்த மரணத்துக்கு இரண்டாம் கேள்வியில் சொன்ன கிராம உத்தியோகத்தரின் அறிக்கையே அடிப்படை. உடல் அடக்கப்பட்டுவிட்டது என்பது அதற்குத் தடையல்ல. இறந்தவர் நெடுநாள் நோயாளி என்றால் கிளினிக் கொப்பியைக் காட்டுங்கள், காரணத்தைச் சரியாக எழுத உதவும். அடக்கம் செய்த மையவாடியின் பெயரையும் தெளிவாகச் சொல்லுங்கள். பள்ளிவாசலில் ஜனாஸாப் பதிவேடு வைத்திருந்தால் அதன் பிரதி, பிற்காலத்தில் திகதி பற்றிய சந்தேகம் எழும்போது பலமான சாட்சியாக நிற்கும்.

5. தம்பிய வயலுக்குள்ள யானை அடிச்சது. ஜீ.எஸ். எழுதித் தரமாட்டன் எண்டுறார். ஏன்?

ஜீ.எஸ்., அதாவது கிராம உத்தியோகத்தர், செய்வது சரியே. யானை தாக்குதல், பாம்புக்கடி, நீரில் மூழ்குதல், வீதி விபத்து, தற்கொலை, காரணம் தெரியாத திடீர் மரணம் ஆகியவற்றில் திடீர் மரண விசாரணை அதிகாரியோ நீதவானோ விசாரணை நடத்த வேண்டும். தேவையெனில் சட்ட வைத்திய அதிகாரியின் பிரேத பரிசோதனையும் நடக்கும். அந்த விசாரணையில் வழங்கப்படும் அறிக்கையை வைத்தே பதிவாளர் பதிகிறார். பொலிசுக்குச் சொல்லாமல் உடலை வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டாம் என்று எல்லையோரக் கிராமத்து உறவுகளைக் கைகூப்பிக் கேட்கிறேன். யானை தாக்கிய மரணத்துக்கு நட்டஈடு கேட்கும்போது, சான்றிதழில் காரணம் சரியாக எழுதப்பட்டிருப்பதே அந்தக் குடும்பத்துக்குத் துணை.

6. அம்மம்மா செத்து ரெண்டு வருசம். ஒருத்தரும் பதியல்ல. இப்ப காணி மாத்தக் கேக்கிறாங்க.

மூன்று மாதம் கடந்துவிட்டால் ஊர்ப் பதிவாளர் பதிய முடியாது. இறப்பு நிகழ்ந்த இடத்துக்குரிய பிரதேச செயலகத்தில் உள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் காலங்கடந்த பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். கிராம உத்தியோகத்தரின் அறிக்கை, ஏன் தாமதித்தது என்று சொல்லும் பிரகடனம், இறந்ததை நேரில் அறிந்தவர்களின் சத்தியக்கடதாசி, இறந்த திகதியைக் காட்டும் ஏதாவது எழுத்து ஆதாரம் ஆகியவை வேண்டும். முப்பத்தொராம் நாள் நினைவஞ்சலிப் பிரசுரம், மரண உதவிச் சங்கத்தின் கணக்குப் புத்தகம், மயானத்துக்குக் கட்டிய பற்றுச்சீட்டு எல்லாம் எழுத்து ஆதாரங்களே. அவற்றைத் தூக்கி எறிய வேண்டாம்.

தாமதத்துக்கு உண்மையான காரணத்தையே எழுதுங்கள். “அறியாமை” என்று எழுத ஒருவர் வெட்கப்பட்டு, இடம்பெயர்ந்திருந்ததாக எழுதினார். அந்த ஆண்டில் அவர் ஊரில் இடப்பெயர்வே இல்லை என்பதால் விண்ணப்பம் திரும்பி வந்தது.

7. நம்பர் தெரியாட்டிக் கொப்பி தரமாட்டாங்களாமே?

தருவார்கள். பதிவு இலக்கமும் திகதியும் தெரிந்தால் நேரே அந்தப் பக்கத்தைத் திறக்கலாம் என்பதால் கட்டணம் குறைவு. தெரியாவிட்டால் புத்தகத்தைத் தேட வேண்டும். அதற்கு இரண்டு ஆண்டுக்கு மேற்படாத காலப்பகுதி ஒன்றைக் குறிப்பிட்டு, தேடுதல் கட்டணத்தையும் சேர்த்துச் செலுத்த வேண்டும். வேலை இவ்வளவே.

கணினியில் ஏற்றப்பட்ட பதிவு என்றால் அருகிலுள்ள பிரதேச செயலகத்திலேயே பிரதி எடுக்கலாம். கொழும்பில் நிகழ்ந்த இறப்புக்கும் முதலில் இங்கேயே கேட்டுப் பாருங்கள். ஏற்றப்படாத பழைய பதிவுக்கு மூன்றாம் கேள்வியில் சொன்ன இடத்துக்கே போக வேண்டும். ஒரே பயணத்தில் மூன்று பிரதியாவது எடுங்கள். வங்கியும் நீதிமன்றமும் காணிக் கந்தோரும் ஒவ்வொன்றாகக் கேட்கும்.

8. எங்களுக்குத் திதிதான் தெரியும். வெள்ளத்துக்கு மறுவருசம், மாமாங்கத் தீர்த்தம் முடிஞ்சு அஞ்சாம் நாள் எண்டு அம்மா சொல்லுவா. இத வச்சுத் தேடலாமா?

தாராளமாகத் தேடலாம். இதைவிட மோசமான தகவலோடு வந்தவர்கள் வெற்றியோடு திரும்பியிருக்கிறார்கள். பெரிய வெள்ளம் 1957 டிசம்பரில் வந்தது. ஆகவே மறுவருடம் 1958. அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் தீர்த்தம் ஆடி அமாவாசையில் நடப்பது. அது ஜூலை நடுப்பகுதிக்கும் ஓகஸ்ட் நடுப்பகுதிக்கும் இடையில் வரும். ஐந்து நாள் கூட்டினால் தேட வேண்டிய காலம் ஒரு மாதத்துக்குள் சுருங்கிவிடுகிறது. அந்த ஆண்டுப் பஞ்சாங்கம் கிடைத்தால் ஒரு திகதியே கிடைத்துவிடும்.

விண்ணப்பத்தில் மட்டும் இந்த ஒரு மாதத்தை எழுதாமல், முன்னும் பின்னும் விட்டு இரண்டு ஆண்டையும் முழுமையாக எழுதுங்கள். எப்படியும் அதற்கே கட்டணம் செலுத்துகிறீர்கள். அம்மா சொன்ன வெள்ளம் வேறொரு வருடத்து வெள்ளமாகவும் இருக்கலாம். பதியப்பட்ட திகதி இறந்த திகதிக்குப் பிந்தியது என்பதையும் தேடும்போது நினைவில் வைத்திருக்க வேண்டும். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு, சூறாவளி, பிள்ளை பெரியவளான வருடம் என்று வீட்டார் எதைச் சொன்னாலும் அதை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள்.

9. பெத்தப்பா திருக்கோவில்காரர். அந்தப் பக்கம் முழுக்கத் தேடியாச்சு, இல்லையாம்.

பெத்தப்பா, அதாவது பாட்டனார், எந்த ஊரில் மணம் முடித்தார் என்பதே நான் முதலில் கேட்பது. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பதும், வீடு பெண்ணின் பெயரில் இருப்பதும் நம் பகுதியின் வழக்கம். திருக்கோவிலில் பிறந்தவர் ஆரையம்பதியில் மணம் முடித்திருந்தால், அங்கேயே வாழ்ந்து, அங்கேயே இறந்து, மண்முனைப்பற்றில் பதியப்பட்டிருப்பார். அப்பப்பாவைத் தேடுகிறவர் அப்பம்மாவின் ஊரில் தேட வேண்டும். முதுமையில் கடைசி மகளின் வீட்டில் இருந்திருந்தால் அந்த மகளின் ஊரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. 1961 இல் அம்பாறை தனி மாவட்டமாகும் வரை கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் எல்லாம் மட்டக்களப்பு மாவட்டத்துக்குள் இருந்தன. அதற்கு முந்திய பதிவுகளில் மாவட்டம் மட்டக்களப்பு என்றே எழுதப்பட்டிருக்கும். ஊர்ப் பிரிவுகளும் இன்றைய பிரதேச செயலகப் பெயர்களில் இல்லாமல் கரவாகுப்பற்று, நிந்தவூர்ப்பற்று, அக்கரைப்பற்று, பாணமைப்பற்று, எருவில்பற்று என்று பற்றுகளாக இருக்கும். கல்முனைப் பக்கத்துப் பழைய பதிவு வேண்டுமென்றால் “கரவாகு” என்ற சொல்லை விண்ணப்பத்தில் சேர்த்து எழுதுங்கள்.

10. வீட்டுல கூப்பிட்ட பேரு வேற, புத்தகத்தில இருக்கிற பேரு வேற எண்டா எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

என் அம்மம்மாவை ஊர் முழுவதும் சின்னப்பிள்ளை என்றே அழைத்தது. அந்தப் பெயரில் இரண்டு முறை தேடி, பதிவு இல்லை என்ற பதிலைப் பெற்றேன். மூன்றாம் முறை, தகவல் கொடுத்தவர் யாராக இருக்கும் என்று யோசித்து, அவருடைய வீட்டில் வாழ்ந்த மருமகனான என் தந்தையின் பெயரையும் விண்ணப்பத்தில் எழுதினேன். எழுதுவினைஞர் விளிம்பு உதிரும் பழுப்புத் தாளில் விரல் வைத்து, பெயர் நிரலை விட்டுவிட்டுத் தகவலாளர் நிரலில் கீழே கீழே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். “கண்ணம்மை, வயது 61, காரணம் சுரம், தகவல் தந்தவர் மருமகன், இறக்கும்போது அருகில் இருந்தவர்.” கீழே என் தந்தையின் கையொப்பம் இருந்தது. அம்மம்மாவின் பெயர் கண்ணம்மை என்பதை என் ஐம்பத்தெட்டாம் வயதில் அறிந்தேன்.

ஆகவே பெயர் ஒத்து வராதபோது தகவல் கொடுத்திருக்கக்கூடியவர், கணவன் அல்லது மனைவி, தாய் தந்தையர், அடக்கம் செய்த இடம் ஆகியவற்றை எழுதிக் கொடுங்கள். எழுத்து வேறுபாட்டையும் எதிர்பாருங்கள்: கந்தப்பர், கந்தப்பன், கந்தப்போடி மூன்றும் ஒருவராக இருக்கலாம். காணி உறுதியில் ஒரு பெயரும் பதிவில் வேறொரு பெயரும் இருந்தால், இருவரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்து இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதே வழமை.

11. சான்றிதழ்ல அப்பாட பேரு பிழையா விழுந்திருக்கு. டிப்பெக்ஸ் போட்டுத் திருத்தித் தருவாங்களா?

ஒருபோதும் இல்லை, நீங்களும் அதில் கை வைக்க வேண்டாம், வைத்தால் அந்தப் பிரதி பயனற்றுப் போகும். பதிவு நடந்த பிரிவின் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் திருத்தத்துக்கு விண்ணப்பித்து, பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், அடையாள அட்டை போன்ற, இறப்புக்கு முன்பே எழுதப்பட்ட ஆதாரங்களைக் கொடுக்க வேண்டும். ஏற்றுக்கொள்ளப்பட்டால் பழைய எழுத்து அழிக்கப்படாமல், திருத்தம் பதிவிலேயே குறிப்பாகச் சேர்க்கப்படும்.

12. அம்பாறை ஆஸ்பத்திரியில தந்த பத்திரம் சிங்களத்தில இருக்கு. மகன் லண்டனுக்கு இங்கிலீசில கேக்கிறான்.

உள்ளூரில் எந்த அரச அலுவலகமும் சிங்களச் சான்றிதழை ஏற்க வேண்டும். தமிழிலோ ஆங்கிலத்திலோ வேண்டுமென்றால் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரிடம் மொழிபெயர்த்து, மூலப்பிரதியோடு சேர்த்து வையுங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலை மொழிபெயர்ப்பாளரின் விருப்பத்துக்கு விடாமல், கடவுச்சீட்டில் உள்ளபடி எழுதிக் கொடுத்துவிடுங்கள். வெளிநாட்டில் சமர்ப்பிப்பதற்கு முன் வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் அத்தாட்சிப்படுத்துவதும் தேவைப்படும்; அதற்குப் பழைய மங்கிய பிரதியை அல்ல, புதிதாக எடுத்த பிரதியைக் கொடுங்கள்.

13. அவர் கட்டார்ல வேலை செய்யக்குள்ள இறந்தவர். இஞ்ச பதியிறதா?

மூன்றாம் கேள்வியின் விதி இங்கும் பொருந்தும்: இறந்த இடமே முதன்மை. அந்த நாட்டில் வழங்கப்படும் இறப்பு ஆவணத்தை வைத்து, அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் பதிய வேண்டும். உடலோடு வரும் கடதாசிகள் அனைத்தையும், அரபியில் இருப்பவற்றையும் தவறாமல், பிரதி எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். தூதரகப் பதிவின் பிரதியைப் பின்னர் பத்தரமுல்லையில் உள்ள பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் கேட்கலாம்.

14. புத்தகமே கிழிஞ்சு போச்சாம், இல்லையாம் எண்டு வாயால சொல்லி அனுப்பிட்டாங்க.

வாயால் சொன்னதை ஏற்றுத் திரும்ப வேண்டாம். விண்ணப்பத்தைக் கொடுத்து, கட்டணம் செலுத்தி, தேடிக் கிடைக்கவில்லை என்பதை எழுத்தில் கேளுங்கள். நீதிமன்றத்தில் வேறு ஆதாரம் காட்ட வேண்டி வந்தால் அந்தக் கடிதமே முதல் படி. இறப்புப் பதிவுகள் ஒன்றுக்கு மேற்பட்ட பிரதிகளாகவே எழுதப்பட்டு வந்துள்ளன. இங்கே ஒரு புத்தகம் கறையான் அரித்துப் போனாலும் பதிவாளர் நாயகத்தின் ஆவணக் காப்பகத்தில் மற்றது இருக்க இடமுண்டு, அங்கும் தேடச் சொல்லி எழுதுங்கள். பதிலே வராவிட்டால் 2016 இன் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் தகவல் அலுவலரிடம் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவைத் தெரிவிக்க வேண்டும்.

15. எங்கட வம்சத்த எழுதுறன். நூத்தம்பது இருநூறு வருசத்துக்கு முந்தின ஆக்களிட மரணப் பதிவு கிடைக்குமா?

அரசாங்கப் பதிவு 1867ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தோடு தொடங்குகிறது. அதற்கு முந்தியவருக்குப் பிரதேச செயலகத்தில் எதுவும் இராது. தொடக்க காலத்தில் எல்லோரும் பதியவும் இல்லை. அந்தக் காலத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்குத் தேவாலயங்களின் அடக்கப் பதிவேடுகளே வழி. எடுத்துக்காட்டாக, மட்டக்களப்புக்கு 1814 இல் வந்து மறுவருடமே இங்கு காலமான மெதடிஸ்த போதகர் வில்லியம் ஓல்ட்டின் மரணத்துக்கு அரசாங்க இறப்புப் பதிவைத் தேடுவது வீண். திருச்சபை ஆவணங்களையே பார்க்க வேண்டும்.

சைவக் குடும்பங்களுக்கு இது கடினம், ஆனால் வழியில்லாமல் இல்லை. காணி உறுதிகளில் “இறந்துபோன இன்னாரின் மகள்” என்று வரும் வரி, இன்ன ஆண்டுக்கு முன்பே அவர் இறந்துவிட்டார் என்பதைச் சொல்லிவிடும். அந்த ஆண்டிலிருந்து பின்னோக்கி இரண்டிரண்டு ஆண்டாக, ஏழாம் கேள்வியில் சொன்னபடி தேடுங்கள். தாய்வழிக் குடியையும் கோயில் முறையையும் சொல்லத் தெரிந்த முதியவர்களிடம் இன்றே கேட்டு எழுதுங்கள். குடி இறப்புப் பதிவில் எழுதப்படுவதில்லை.

16. மகன் தொண்ணூறாம் ஆண்டு போனவன். உடலைக் காணல்ல. மரணச் சான்றிதழ் எடுக்கத்தான் வேணுமா, மகன்?

எடுக்க வேண்டும் என்று உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது, அம்மா. ஆழிப்பேரலையில் உடல் கிடைக்காதவர்களின் இறப்பைப் பதிய 2005 இல் தனியான தற்காலிகச் சட்டம் வந்தது. அப்போது பதியப்பட்டவர்களுக்கு மற்றப் பதிவுகளைப் போலவே பிரதி எடுக்கலாம். போர்க்காலத்தில் காணாமற்போனோருக்காக 2010 இன் 19ஆம் இலக்க இறப்புகளைப் பதிவுசெய்தல் தற்காலிக ஏற்பாடுகள் சட்டம் இயற்றப்பட்டது. அந்தச் சட்டம் மகனை இறந்தவராகப் பதியும் வழியை மட்டுமே காட்டியபோது, அதில் கையொப்பமிட மறுத்த தாய்மார் பலர். அவர்களுடைய மறுப்பை நான் முழுமனதோடு மதிக்கிறேன்.

2016 இன் 16ஆம் இலக்கத் திருத்தம் இன்னொரு வழியைச் சேர்த்தது. இறந்தார் என்று சொல்லாமல், காணாமற்போயிருக்கிறார் என்பதை மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழ் அது. பிள்ளைகளின் காரியம், வங்கி, கொடுப்பனவு போன்றவற்றுக்கு அதைப் பயன்படுத்தலாம். தேடுதலும் விசாரணையும் அதனால் முடிந்துவிடுவதில்லை. காணாமல்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கு மட்டக்களப்பில் பிராந்தியக் காரியாலயம் இருக்கிறது. போகும்போது அந்நாளில் பொலிசிலோ செஞ்சிலுவைச் சங்கத்திலோ மனித உரிமைகள் ஆணைக்குழுவிலோ முறையிட்ட துண்டுகளையும், மகனின் பிறப்புச் சான்றிதழையும், ஒரு படத்தையும் கொண்டு போங்கள். மூலப் பத்திரங்களை எவரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். பிரதியைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். தனியாகப் போக வேண்டாம், சனிக்கிழமை வாருங்கள், முதலில் படிவத்தை நிரப்புவோம்.